ஆலங்காட்டில் எனக்கு வாய்த்த வேலை

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் எனக்கு வாய் ஓயாது. ஒரு பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கும் முன்பு, அது எப்போது எழுந்தது, யார் எடுப்பித்தது, இடையில் யார் யார் கைவைத்தார்கள், இன்று அதில் எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்றெல்லாம் கண்டறிந்து எழுதிக் கொடுப்பது என் வேலை. பொறியாளர் மதிப்பீடு போடுவதற்கு முன், ஸ்தபதி உளியை எடுப்பதற்கு முன், என் அறிக்கை அவர்கள் கையில் இருக்க வேண்டும். விசிட்டிங் கார்டில் ‘மூத்த கட்டடக்கலை வரலாற்றாளர்’ என்று போட்டிருக்கும். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள், “அப்போ நீ இன்ஜினீயரா, டீச்சராம்மா?” என்று கேட்பார்கள். அந்த இரண்டு பேருக்கும் கிடைக்காத சுகம் எனக்குக் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டு, பந்தியில் உட்கார்ந்தபடியே தூண், போதிகை என்று ஆரம்பித்துவிடுவேன்.

எத்தனையோ ஊர்களில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஆனால் இதன் மொத்த ருசியும் ஒரே ஊரில் வேண்டும் என்றால் அது திருவாலங்காடுதான். திருத்தணி வட்டாரத்தில், ஆந்திர எல்லைப் பக்கம், வயல்களுக்கு நடுவே இருக்கிற ஊர். திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு லாரிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றுதான் கோயிலுக்குப் போக வேண்டும். சென்னையிலிருந்து அரக்கோணம் லோக்கலில் ஏறினால் கடம்பத்தூர், மணவூர் தாண்டியதும் இறங்கிக்கொள்ளலாம். வந்து இறங்கும் தண்டவாளமே ஒரு மரபுச் சின்னம். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போன தடம் அது. என் தொழிலில் இருக்கிறவருக்கு வேறென்ன வரவேற்பு வேண்டும்!

கோயில் வடாரண்யேசுவரர் கோயில். அம்மன் வண்டார்குழலி. நடராசரின் ஐந்து சபைகளில் இது இரத்தினசபை. சிதம்பரத்துக் கனகசபை, மதுரை வெள்ளியம்பலம், நெல்லைத் தாமிரசபை, குற்றாலச் சித்திரசபை ஆகிய நான்கும் பெரிய ஊர்களிலும் பேர்போன இடங்களிலும் இருக்க, ஐந்தாவது இந்தக் கிராமத்தில் இருக்கிறது. காளியோடு போட்டியிட்டு ஈசன் காலைத் தலைக்குமேல் தூக்கி ஆடிய இடம் என்பது ஐதீகம். அதனால் முதலில் குளக்கரைக் காளியைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஈசனிடம் போக வேண்டும் என்பது ஊர் வழக்கம். தோற்றவளுக்கு முதல் மரியாதை தருகிற ஊர் எனக்கு இன்னும் பிடித்துப்போகிறது.

காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து சேர்ந்தது இங்கேதான். அம்மையார் தலையால் நடந்த மண்ணில் காலால் மிதிக்கக் கூசி ஞானசம்பந்தர் ஊருக்கு வெளியே தங்கினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. நான் இந்த ஊருக்கான முதல் குறிப்பை எழுத உட்கார்ந்தபோது என்னைப் பிடித்து உலுக்கியது இதுதான். அம்மையார் பாடியது கோபுரத்தையோ மண்டபத்தையோ அல்ல, பேய்கள் திரியும் சுடுகாட்டை. முள்ளும் நரியும் கூகையும் உள்ள ஒரு காட்டின் வர்ணனை சுமார் 6ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் பதிவாகிவிட்டது. கல் அதற்கப்புறம்தான் வந்தது. பாட்டு முதலில் வந்து, கட்டடம் அந்தப் பாட்டைத் தேடி வந்து உட்கார்ந்த ஊர் இது! இதை ஒரு பாதுகாப்புத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது என்றால் நம்புங்கள்.

இனி இந்த ஊரின் செப்பேட்டுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இத்தனை அவசரம்.

1905இல் திருவாலங்காட்டில் கிடைத்தது அந்தச் செப்பேட்டுத் தொகுதி. வளையத்தில் கோத்த 31 செப்புத் தகடுகள், மேலே சோழர் முத்திரை. முதலாம் இராசேந்திரன் தன் 6ஆம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1018இல், பக்கத்துப் பழையனூரை ஆலங்காட்டு மகாதேவருக்குத் தேவதானமாகக் கொடுத்த ஆணை அது. வடமொழிப் பகுதியில் மட்டும் 271 சுலோகங்கள். கங்கைப் படையெடுப்பும் கடாரமும் அதில் வருவதால், வடமொழிப் பகுதி பின்னால் சேர்த்தது என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். எச். கிருஷ்ண சாஸ்திரி இதைப் பதிப்பித்து, 1920இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் வெளியானது. சோழர் வரலாற்றை எழுதுகிற யாரும் இந்தத் தகடுகளைத் தொடாமல் ஒரு அத்தியாயம் நகர முடியாது. இராசேந்திரனின் தந்தை அருண்மொழி தன் சிற்றப்பா உத்தம சோழனுக்காக அரியணையை விட்டுக்கொடுத்த செய்தி இதில்தான் இருக்கிறது. கங்கை நீரையே வெற்றித் தூணாக இராசேந்திரன் சோழகங்கம் ஏரியில் நிறுத்தினான் என்ற செய்தியும் இதில்தான். கல்லால் தூண் நட்டவர்களைத்தான் நான் அதிகம் படித்திருக்கிறேன். தண்ணீரால் தூண் நட்டவனை இங்கேதான் சந்தித்தேன்.

வரலாற்று மாணவர்கள் வடமொழிப் பகுதியைத்தான் கொண்டாடுவார்கள். எனக்கு உயிர் தமிழ்ப் பகுதி. அதில் இருப்பது நிர்வாகம். அரசன் வாய்மொழியாகச் சொன்னது ஓலையாகிறது, ஓலை மேலதிகாரிகளின் பார்வைக்குப் போகிறது, வரிக் கணக்கில் ஏறுகிறது. அப்புறம் அதிகாரிகள் ஊருக்கே வந்து, ஒரு பெண் யானையை நடக்கவிட்டு எல்லையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். கல்லும் கள்ளியும் நட்டு அடையாளம் வைக்கிறார்கள். எந்த வாய்க்கால், எந்த மேடு, எந்த ஊர் எல்லைக்கு எந்தத் திசை என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் காஞ்சிபுரத்துக் கைவினைஞர்கள் அதைச் செம்பில் வெட்டுகிறார்கள்.

இன்று நான் செய்வதும் இதே வேலைதானே! எல்லை வரையறு, நிலத்தைக் கணக்கெடு, நீர்வழியைக் குறி, யாருக்கு என்ன உரிமை என்று எழுது, காலத்துக்கும் நிற்கும்படி பதிவு செய். யானைக்குப் பதிலாக என்னிடம் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த ஊருக்கு ஒரு திட்ட ஆவணம் செம்பில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த நாளில் நான் ஆபீசில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். இப்போது அந்தத் தகடுகள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் உடைமை. ஆலங்காட்டு வேலை கையில் இருக்கும்போதெல்லாம் எழும்பூரையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

எழும்பூர் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அங்கே இருக்கிற திருவாலங்காட்டு நடராசர்! திருவாசி இல்லை, விரிசடை இல்லை, அலங்காரம் எதுவும் இல்லை. உடம்பும் அசைவும் மட்டும். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்தச் சிலையை நேரில் பார்த்ததில்லை. சென்னையிலிருந்து போன புகைப்படங்களைப் பார்த்தே மயங்கி 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு, 1921இல், ஆனந்த குமாரசாமி, ஹாவெல் போன்றோரின் எழுத்தோடு அது பாரிசில் அச்சாகி வந்தது. ஒரு புகைப்படத்தால் என்ன ஆகும் என்று கேட்கிற இளைஞர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். நல்ல ஆவணம் ஊரை விட்டு உலகம் போகும்.

சரி, ஆலங்காட்டிலிருந்து சுமார் 16 கி.மீ. போனால் திருத்தணி. எல்லோரும் மலையேறி முருகனைப் பார்க்க 365 படிகளில் கண்ணாக இருப்பார்கள். கீழே நந்தியாற்றுப் பக்கம் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது, வீரட்டானேசுவரர் கோயில். தமிழ்நாட்டில் எனக்கு மிகப் பிடித்த கட்டடங்களில் ஒன்று அது. யானை படுத்திருக்கும்போது பின்புறம் எப்படி வளைந்திருக்குமோ அப்படிக் கருவறை வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். பல்லவ அரசன் அபராசிதன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், நம்பி அப்பி என்பவர் கருங்கல்லால் எடுப்பித்தது. அதைப் போற்றும் வெண்பா ஒன்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது. அரசரே பாடியது என்ற குறிப்பும் சேர்ந்திருக்கிறது. ஒரு கட்டடத்தைக் கட்டியவருக்கு அரசன் வெண்பா எழுதிக் கொடுத்திருக்கிறான்! இன்று கட்டி முடித்தால் பில் பாஸாவதே பெரிய பாடு.

அந்தச் சுவரைச் சுற்றி வந்தால் பிள்ளையார், தட்சிணாமூர்த்தி, திருமால், பிரமன், துர்க்கை என்று கோட்டங்களில் வரிசையாக நிற்பார்கள். இன்று எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் கிட்டத்தட்ட இதே வரிசையில் பழகியிருப்போம். அந்த வரிசை உருவாகி வந்த தொடக்கக் காலத்துச் சுவர்களில் இது ஒன்று. பல்லவம் முடிந்து சோழம் தொடங்குகிற வாசற்படியில் இந்தக் கோயில் நிற்கிறது.

இப்போது ஆலங்காட்டையும் திருத்தணியையும் சேர்த்துப் பாருங்கள். அபராசிதனை வென்று தொண்டை மண்டலத்தைக் கைப்பற்றியவன் முதலாம் ஆதித்த சோழன். அந்தச் செய்தியைச் சொல்கிற ஆவணம் எது? திருவாலங்காட்டுச் செப்பேடுதான். வெண்பா பாடிய பல்லவனின் கோயில் திருத்தணியில், அவன் வீழ்ந்த சேதி ஆலங்காட்டில். ஒரே நாளில், ஒரு பஸ் டிக்கெட்டில், ஒரு பேரரசின் கடைசி அத்தியாயத்தையும் இன்னொன்றின் முதல் அத்தியாயத்தையும் நடந்து பார்த்துவிடலாம். இந்த இணைப்பு மூளையில் பளிச்சென்று எரிந்தபோது நான் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டேன். அவரும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு, “நந்தியாத்து ஓரமா, அந்தச் சின்னக் கோயிலா?” என்று வியந்தார். அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டு என்னோடு வந்து பார்க்கவும் செய்தார்.

கட்டடத்துக்கு வயது சொல்வது எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். கல்வெட்டு இருந்தால் அரசன் பெயரும் ஆண்டும் கிடைக்கும். இல்லாவிட்டாலும் கவலையில்லை, தூணுக்குமேல் அண்ணாந்து பாருங்கள். உத்தரத்தைத் தாங்குகிற கை போல நீண்டிருக்கும் உறுப்புக்குப் போதிகை என்று பெயர். பல்லவர் காலத்தில் அதன் அடிப்பக்கம் அலை அலையாக இருக்கும், தரங்கப் போதிகை. சோழர் காலத்தில் அலைகள் போய், சாய்வாக வெட்டி நடுவில் ஒரு முனை துருத்தும், வெட்டுப் போதிகை. காலம் ஆக ஆக அந்த முனை நீண்டு வளைந்து, விஜயநகரக் காலத்தில் தலைகீழாகத் தொங்கும் மொட்டாகிவிடும்; பூமுனைப் போதிகை. இந்தப் படிமுறையைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத் தொகுத்து 1914இல் நூலாக்கியவர் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய். என் மேசைமேல் எப்போதும் இருக்கிற புத்தகம் அது. ஒரு கோயிலின் கருவறையிலிருந்து வெளி மண்டபம் வரை நடந்து வந்தாலே, தலைக்குமேல் அலை வெட்டாகி, வெட்டு மொட்டாகி, சில நூறு வருஷங்கள் கடந்துபோகும். தெரிந்துகொண்டால் அப்புறம் எந்தக் கோயிலுக்குள்ளும் குனிந்த தலையோடு நுழைய மாட்டீர்கள்.

கல்வெட்டு வாசிப்பு இன்னொரு போதை. பகல் வெளிச்சத்தில் ஒன்றுமே இல்லாத சுவர் போலத் தெரியும். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைச் சாய்வாக விட வேண்டும். குழிகளில் நிழல் விழும், எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். சோழர் எழுத்தில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ கண்ணில் பட்டுவிட்டால் போதும், அப்புறம் சாப்பாடு நினைவுக்கு வராது. ஆலங்காட்டில் இரண்டாம் இராசாதிராசனின் 12ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பழையனூரைச் சேர்ந்த அண்ணன் பல்லவராயன் என்ற அதிகாரி, பாண்டிய நாட்டு வாரிசுப் போரில் இலங்கை அரசன் பராக்கிரமபாகுவின் படைகளுக்கு எதிராகச் செய்த காரியங்களுக்காக நிலம் பெற்ற செய்தி அது. சோழ, பாண்டிய, ஈழ அரசியல் மூன்றும் இந்தக் கிராமத்துக் கோயில் கல்லில் வந்து சந்திக்கின்றன. உள்ளூர்ப் பையன் ஒருவன் வெளிநாட்டு விவகாரத்தைப் பார்த்துக்கொண்டதற்கு ஊரே சாட்சி எழுதி வைத்திருக்கிறது.

ஆவணக் காப்பகங்களில் தேடுவது மட்டும் இந்த ஊரைப் பொறுத்தவரை கொஞ்சம் அலைச்சல். ஒரு காலத்தில் கார்வேட்டிநகர் ஜமீன், வட ஆற்காடு மாவட்டம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானதும் அதில் சேர்ந்தது. மொழிவாரி மாநிலம் வந்தபோது ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. செங்கல்பட்டு மாவட்டம், பிறகு திருவள்ளூர் மாவட்டம். ஆகவே ஒரே குளத்தின் சர்வே எண்ணைத் தேடி எத்தனை மாவட்டத்துப் பதிவேடுகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது! சில தெலுங்கில் இருக்கும், சில ஆங்கிலத்தில், சில பழைய தமிழ்க் கையெழுத்தில். தெலுங்கு எழுத்தை நான் கற்றுக்கொண்டது இந்த ஊருக்காகத்தான். இந்த அலைச்சலையும் நான் வரமாகவே எடுத்துக்கொள்கிறேன்; எல்லைக் கோடு இடம் மாறிய ஊரில்தான் இரண்டு மொழியின் மரபும் ஒரே வீட்டு முற்றத்தில் கிடைக்கும்.

ஊர்ப் பெரியவர்கள் சொல்வது எந்தப் பதிவேட்டுக்கும் குறைந்ததல்ல. இந்த வட்டாரத்துக் கோயில் ஒன்றில் பிரகாரத்தை அளந்துகொண்டிருந்தேன். வாசலில் பூ விற்கிற பாட்டி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “நான் கல்யாணமாகி வந்தப்போ சாமி சந்நிதிக்கு மூணு படி ஏறணும் கண்ணு. இப்போ ஒரு படிதான் இருக்கு.”

அந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தியது. அப்படியானால் தரை உயர்ந்திருக்கிறது. கோயிலின் அதிட்டானம், அதாவது ஜகதி, குமுதம் என்று அடுக்கடுக்காக அமைந்த அடித்தளத்தின் கீழ் வரிகள், புதைந்து கிடக்கின்றன. உரிய அனுமதி வாங்கி, ஓரமாக ஒரு சிறு குழி எடுத்துப் பார்த்தோம். மேலே பளபளப்பு டைல்ஸ், அதற்குக் கீழே சிமெண்ட், அதற்கும் கீழே மண், அதன் பின்னால் கருங்கல் குமுதம். அந்தக் குமுதத்தின்மேல் யாருமே பதிவு செய்திராத எழுத்து! பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பாத்தியா, நான் சொல்லல?” என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பூவை எடுத்து அந்தக் கல்லின்மேல் வைத்தார்.

டைல்ஸ் போட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. சுத்தமாக இருக்கட்டும் என்று பக்தர்கள் கொடுத்த காசு. ஆனால் யாராவது முன்னாலேயே வந்து சொல்லியிருந்தால் அந்தக் காசு வேறு திருப்பணிக்குப் போயிருக்கும். கருங்கல் கட்டடத்துக்கும் சிமெண்டுக்கும் ஒத்துவராது. பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரமும் உப்பும் கல்லையும் செங்கல்லையும் அரிக்கும். சுண்ணாம்பை ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு நாள் நின்று பாருங்கள். காரையை விரலில் தொட்டே பதம் சொல்வார்கள். மணல் வீச்சு எந்திரத்தால் சுவரைச் சுத்தம் செய்தால் அழுக்கோடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். சிற்பங்களின் நுட்பமான நகை வேலைப்பாடு, கண்ணிமை, எல்லாமே போய்விடும். அது கூடாது என்று ஒவ்வொரு அறிக்கையிலும் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன்.

கோயில் பாதுகாப்பு என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது என்று சிலர் பயப்படுகிறார்கள். நம் ஊர்க் கோயில் உயிரோடு இருக்கிற இடம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாலாலயம் செய்து, திருப்பணி முடித்து, குடமுழுக்கு நடக்கத்தான் வேண்டும். 1964இல் வெனிசில் எழுதிய சாசனம் பழைய பொருளை அப்படியே காப்பதை வலியுறுத்தியது. 1994இல் ஜப்பானின் நாராவில் கூடியவர்கள், மரபின் உண்மைத்தன்மை பொருளில் மட்டும் இல்லை, கைத்திறனிலும் பயன்பாட்டிலும் கூட இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டார்கள். இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் இசே கோயில் இருக்கிற நாடு அது. சுதையைப் புதுப்பிக்கிற நமக்கு அந்தப் பேச்சு மிக நெருக்கமானது. சுதை புதுப்பிக்கலாம், கல்வெட்டைப் புதுப்பிக்க முடியாது; இந்த வித்தியாசத்தை இடத்துக்கு இடம் வரைபடத்தில் குறித்துத் தருவதுதான் என் அறிக்கையின் உயிர்நாடி.

ஆலங்காட்டுக்கான என் குறிப்பில் கோயில் மதிலோடு நான் நிறுத்தவில்லை. திருக்குளம், காளி கோயில், குளத்துக்கு நீர் வரும் பாதை, தேர் வீதி, பக்கத்துப் பழையனூர் வயல்கள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்தேன். பழையனூர் நீலி கதை தெரியாத தமிழர் உண்டா? கொடுத்த வாக்குக்காகத் தீப்பாய்ந்த எழுபது வேளாளர்களின் நினைவை ஊர் இன்னும் விடவில்லை. அதற்கும் வரைபடத்தில் இடம் வேண்டும். மார்கழித் திருவாதிரை இரவில் நடராசருக்கு விடிய விடிய அபிஷேகம் நடக்கும்போது கூட்டம் எங்கே நிற்கிறது, எந்த வழியாக வருகிறது, யார் எங்கே உட்கார்ந்து பதிகம் பாடுகிறார்கள் என்றும் குறித்துக்கொண்டேன். அன்றைய இரவில் அந்தக் கூட்டத்தில் நின்று, நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நானும் கையைத் தலைக்குமேல் தூக்கிவிட்டேன்.

சட்டமும் நமக்குத் துணையாக வந்துகொண்டிருக்கிறது. இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம் 1959இல் வந்தது. அதன் 29ஆம் பிரிவு ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு கேட்கிறது. தொன்மைச் சின்னங்கள் பற்றிய மத்தியச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்று ஆனது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கோயில்கள், நினைவுச் சின்னங்கள் பாதுகாப்புக்காக 75 கட்டளைகள் அடங்கிய தீர்ப்பைத் தந்தது. 2012இலேயே நிறைவேறிய தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் ஆள் வேண்டும். கட்டடம் படித்தவர்கள் கல்வெட்டையும், வரலாறு படித்தவர்கள் கட்டட வரைபடத்தையும் கற்றுக்கொண்டு இந்தப் பக்கம் வந்தால், வாழ்நாள் முழுக்கத் தீராத வேலை காத்திருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளே, சம்பளத்தை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகத் துடிக்கிற மனசு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, எனக்கு வாய்த்திருக்கிறது.

படிக்கிற எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோயிலில் பாலாலயத்துக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே மொபைலை எடுத்துக்கொண்டு போங்கள். கருவறைக்குள் படம் எடுக்க வேண்டாம். வெளிச் சுவர், அதிட்டானம், தூண், போதிகை, தரை, குளக்கரை என்று ஒன்று விடாமல் எடுங்கள். எழுத்து தெரிந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். கோயிலில் நடந்த பழைய கல்யாண ஆல்பம் வீட்டில் இருந்தால், மணமக்களுக்குப் பின்னால் நிற்கிற தூணையும் படியையும் கவனித்து, அதையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் செயல் அலுவலரிடமும் மாவட்டத் தொல்லியல் அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு, ‘இந்தச் சுவரில் எழுத்து இருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள்’ என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுங்கள். கடிதத்தில் தேதி போட மறக்காதீர்கள்.